ஆர்க்கிட் பூக்க வேண்டுமென்றால் உரம் எப்போது, எப்படி?

சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களில் மாடியிலும் பால்கனியிலும் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் உரத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் செடி பூக்க மறுக்கும்போதுதான். நாற்றுப்பண்ணையிலிருந்து வாங்கி வந்த அன்று இரண்டு கதிர் நிறைய ஊதாப் பூவோடு இருந்த டென்ட்ரோபியம், அந்தப் பூ உதிர்ந்து ஒரு வருடமாகியும் வெறும் இலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. உடனே கடைக்குப் போய், 'பூ வைக்கிற மருந்து இருக்கிறதா?' என்று கேட்டு வாங்கி, அட்டையில் போட்டிருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே கலந்து ஊற்றிவிடுகிறோம். நானும் அப்படி ஊற்றியவன்தான். என் முதல் செடியில் ஒருவழியாக வந்திருந்த கதிரில் பட்டாணி அளவு மொட்டுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன; பானைக்கு வெளியே நீண்டிருந்த வேர்களின் பச்சை நுனிகள் பத்தே நாளில் கருகி, தீய்ந்த தீக்குச்சி போல ஆயின.

அதற்குப் பிறகு செடிகளைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படை. கதிர் கண்ணுக்குத் தெரிகிற வாரத்தில் போடும் உரம் அந்தக் கதிருக்கு அநேகமாக எட்டுவதே இல்லை. அதற்கு நான்கைந்து மாதம் முன்னால், புதுத் தண்டு முளைத்து நீண்டு பருத்துக்கொண்டிருந்த காலத்தில் கிடைத்த உணவும் வெளிச்சமும்தான் பிறகு பூவாக வெளிவருகின்றன. ஆகவே உரமிடும் நாளை நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்வதைவிடச் செடியின் வேர் நுனியையும் புதுத் தளிரையும் பார்த்து முடிவு செய்வதே சரியாக இருக்கும்.

இங்கே முதன்மையாக எடுத்துக்கொண்டிருப்பது டென்ட்ரோபியம் கலப்பினங்களை. பூக்கடைகளில் கொத்துக் கொத்தாக விற்கும் 'சோனியா' வகைகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இவ்வளவு இசைந்து வளரும் ஆர்க்கிட் வேறு குறைவு. ஃபலனாப்ஸிஸ், வாண்டா போன்றவற்றில் முறை எங்கே மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வேர் எப்படிச் சாப்பிடுகிறது

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை காட்டில் மரக்கிளைகளில் தொற்றி வாழ்பவை. மரத்திலிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை. கிளை அவற்றுக்கு உட்காரும் இடம் மட்டுமே. மழை பெய்யும்போது மேலே உள்ள இலைகளையும் பட்டையையும் கழுவி வரும் நீர், பறவை எச்சம், கிளை இடுக்கில் மக்கிக் கிடக்கும் சருகு ஆகியவற்றிலிருந்து கரையும் மிகச் சிறிதளவு உப்புகளே அவற்றின் உணவு. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகிறவர்களும், சமவெளியில் மாமரங்களின் மேல் தானாக வளர்ந்து நிற்கும் வாண்டா டெசலேட்டாவைப் பார்த்திருப்பவர்களும் இந்த வாழ்க்கையை நேரிலேயே கண்டிருப்பார்கள். யாரும் உரம் வைக்காமலேயே அவை வருடந்தோறும் பூக்கின்றன.

இந்த வாழ்க்கைக்கென்றே அமைந்தது வேரின் மேலுறை. உலர்ந்திருக்கும்போது வெள்ளி போல வெளுத்துத் தெரியும் அந்தப் பஞ்சு போன்ற அடுக்கு, நீர் பட்ட சில நொடிகளில் நனைந்து, உள்ளேயிருக்கும் பச்சை தெரியத் தொடங்கும். முதலில் வந்து படும் நீரையும் அதில் கரைந்துள்ள உப்புகளையும் அது பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு மெல்ல உள்ளே அனுப்புகிறது. கொஞ்சமாகக் கிடைப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளும் இந்த அமைப்புக்கு அதிகமாகக் கிடைப்பதைத் தள்ளிவிடத் தெரியாது. கெட்டியான உரக்கரைசலில் வேர் நுனி கருகுவது இதனால்தான். மண்ணில் வளரும் செடிக்கு உப்பு கூடினால் மண் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். கரியும் ஓட்டுத்துண்டும் தேங்காய் மட்டையும் நிறைந்த ஆர்க்கிட் பானையில் அந்தத் தாங்கல் கிடையாது.

மணிச்சத்து பூவைக் கொண்டுவருமா?

தழைச்சத்து இலைக்கு, மணிச்சத்து பூவுக்கு, சாம்பல்சத்து வலுவுக்கு என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். உரப்பையில் போட்டிருக்கும் மூன்று எண்களும் இதே வரிசையில் இந்த மூன்று சத்துகளின் விழுக்காடுகள். இந்தக் கணக்கை வைத்தே பூக்கும் பருவத்தில் 10-30-20 போல நடு எண் பெரிதாக உள்ள உரங்கள் விற்கப்படுகின்றன. நம் ஊர்ப் பரிந்துரைகளிலும் பூக்கும் காலத்தில் மணிச்சத்தைக் கூட்டச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யின்-டுங் வாங் ஃபலனாப்ஸிஸ் செடிகளை வைத்துச் செய்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மணிச்சத்து மிகுந்த உரத்துக்கு மாற்றியதால் பூக்கள் கூடவில்லை என்றும், பூக்காலம் நெருங்கும்போது உரத்தைச் சீக்கிரமே நிறுத்திவிட்ட செடிகளில் பூக்கள் குறைந்தன என்றும் தெரியவந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட்டுகளுக்கென உருவான கலவையைப் பார்த்தாலும் இதே எண்ணம் தெரியும்: தூய நீருக்கு 13-3-15, கிணற்று நீருக்கு 19-4-23. இரண்டிலும் நடு எண்தான் மிகச் சிறியது.

எனவே 'பூ உரம்' என்று தனியாக ஒன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் முடிவு. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஏறத்தாழச் சமமாகவும், மணிச்சத்து அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ, கூடவே சுண்ணாம்புச்சத்தும் மெக்னீசியமும் நுண்ணூட்டங்களும் கிடைத்தால் போதும்.

இதை உள்ளூர் உரக்கடையில் கிடைப்பவற்றைக் கொண்டே அமைத்துக்கொள்ளலாம். சொட்டுநீர் விவசாயிகள் வாங்கும் நீரில் கரையும் உரங்களான 19:19:19, 13:0:45, கால்சியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் ஆகிய நான்கும் அங்கே இருக்கும். கடைக்காரரிடம் '19 ஆல்' என்று கேட்டால் முதலாவதை எடுத்துத் தருவார். ஒரு கிலோப் பை இருபது பானைக்குப் பல மாதம் வரும். சிறு டப்பாக்களில் 'ஆர்க்கிட் ஸ்பெஷல்' என்று விற்பவற்றில் சில நல்லவையே. ஆனால் பின்பக்கத்தில் சத்து அளவுகள் அச்சிடப்படாத எதையும் நான் வாங்குவதில்லை. 19:19:19 வாங்கும்போதும் பையைத் திருப்பிப் பாருங்கள். தழைச்சத்தில் பாதிக்கும் மேல் யூரியா வடிவில் இருக்கும் பைகள் உண்டு. யூரியா முழுவதும் பயன்பட அதை மாற்றிக்கொடுக்கும் நுண்ணுயிர்கள் வேண்டும். கரித்துண்டுப் பானையில் அவை குறைவு. அதனால் நைட்ரேட் வடிவில் தழைச்சத்து தரும் 13:0:45, கால்சியம் நைட்ரேட் ஆகிய இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது நல்லது.

உரத்துக்கு முன்னால் தண்ணீர்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த செடிகளில் 'உரம் போதவில்லை' என்று கொண்டுவரப்பட்டவற்றில் பல, உண்மையில் உப்பு நீரால் வாடியவை. சென்னைப் புறநகர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பு மிகுந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நீரில் உரத்தையும் கலக்கும்போது உப்பின் மேல் உப்பு சேர்கிறது. நீரில் கரைந்துள்ள உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும், சில நூறு ரூபாய்க்குப் பேனா அளவில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை உரம் வாங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். தண்ணீர் 300-க்குள் காட்டினால் கவலையில்லை. 500-ஐத் தாண்டினால் மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பாதிக்குப் பாதி கலந்துகொள்வது நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் உப்பு முன்பைவிடச் செறிந்திருக்கும் என்பதால் ஆர்க்கிட்டுக்கு மட்டும் அது கூடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடித் தண்ணீரை இரண்டு டிரம்மில் பிடித்து மூடிவைத்தால், கோடையின் முற்பகுதி வரை கலப்பதற்கு அது கைகொடுக்கும்.

நீரின் தன்மையைப் பொறுத்து உரமும் மாறும். இலைகளின் மேல் வெள்ளைத் திட்டுப் படியும் அளவுக்குக் கடினமான நீரில் சுண்ணாம்புச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். அங்கே கால்சியம் நைட்ரேட்டை விட்டுவிடலாம். மழைநீரும் ஆர்.ஓ. நீரும் மட்டுமே ஊற்றுபவர்கள் அதை விடவே கூடாது.

அளவும் கலவையும்

ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம். இதை அடிப்படை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் வாளிக்கு ஐந்து கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. 19:19:19-ஐ இந்த அளவில் கரைத்தால் லிட்டருக்கு 95 மில்லிகிராம் தழைச்சத்து கிடைக்கும். வாரம் ஒருமுறை ஊட்டும் டென்ட்ரோபியத்துக்கு அது நிறைவான அளவு. பையில் இலைவழித் தெளிப்புக்கு லிட்டருக்கு ஐந்து கிராம் என்று போட்டிருந்தாலும் அது தக்காளிக்கும் வாழைக்கும் சொன்னது. தேக்கரண்டி ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், நகை எடை பார்க்கும் சிறு தராசு இருந்தால் அதிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பின்பற்றும் நான்கு வாரச் சுற்று இது. முதல் வாரம் 19:19:19. இரண்டாவது வாரம் கால்சியம் நைட்ரேட். மூன்றாவது வாரம் மறுபடியும் 19:19:19, அதனுடன் லிட்டருக்கு அரை கிராம் மெக்னீசியம் சல்பேட். நான்காவது வாரம் 13:0:45. எல்லாமே லிட்டருக்கு அரை கிராம். மாதம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணிச்சத்து மற்ற இரண்டிலும் பாதி அளவுக்கு வந்து நிற்கும். நுண்ணூட்டக் கலவையை மாதம் ஒருமுறை லிட்டருக்கு 0.1 கிராம் சேர்த்தால் போதும்.

கால்சியம் நைட்ரேட்டை மட்டும் எப்போதும் தனியாகவே கரைக்க வேண்டும். வேலை மிச்சமாகட்டும் என்று ஒருமுறை நான் அதையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து வைத்தேன். குலுக்கி முடிப்பதற்குள் தெளிந்த நீர் மோர் போல வெளுத்து, மறுநாள் காலையில் பாட்டிலின் அடியில் விரல்கடை உயரத்துக்கு வெள்ளைப் படிவு உட்கார்ந்திருந்தது. சுண்ணாம்பும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாகிவிட்டன. மணிச்சத்துள்ள உரத்துடன் சேர்த்தாலும் இப்படியே படியும். படிந்துபோன சத்து செடிக்குப் போகாது, தெளிப்பானின் மூக்கைத்தான் அடைக்கும்.

செடியின் எந்தக் கட்டத்தில்

டென்ட்ரோபியத்தின் அடியில், பழைய தண்டின் பக்கத்தில் பச்சை மூக்கு போல ஒரு முளை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்தவுடன் உர வாளியைத் தூக்க வேண்டாம். அது இரண்டு, மூன்று அங்குலம் உயர்ந்து, அதன் அடியிலிருந்தே வெளுத்த உடலும் பளபளக்கும் பச்சை நுனியும் கொண்ட புது வேர்கள் புறப்படும்வரை தாய்த் தண்டுகளின் சேமிப்பே அதற்குச் சோறு போடும். புது வேர் அரை அங்குலம் நீண்டதும் வாரச் சுற்றைத் தொடங்குங்கள். இங்கிருந்து அடுத்த நான்கு முதல் ஆறு மாதம்தான் பூவின் எண்ணிக்கையை முடிவு செய்யும் காலம். இந்தக் காலத்தில் ஒரு வாரமும் தவறாமல் மெலிதாக ஊட்டுவது, மாதம் ஒருமுறை கெட்டியாக ஊற்றுவதைவிட எவ்வளவோ மேல். புதுத் தண்டு முந்தைய தண்டைவிட உயரமாகவோ பருமனாகவோ வந்தால் ஊட்டம் சரியாகப் போகிறது. குட்டையாகவும் மெலிந்தும் வந்தால் வெளிச்சம், வேர், உரம் என்ற மூன்றில் ஏதோ ஒன்று குறைகிறது. வரிசையையும் அப்படியே வைத்துப் பாருங்கள், ஏனென்றால் பல நேரம் குறைவது வெளிச்சமாகவே இருக்கும்.

தண்டின் உச்சியில் கடைசி இலை விரிந்து, அதற்குமேல் புது இலை வராமல் நின்றுவிட்டால் தண்டு முதிர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது சுற்றின் முதல் வார 19:19:19-க்குப் பதிலாகவும் 13:0:45 கொடுக்கலாம். தழைச்சத்து சற்றுக் குறைந்து சாம்பல்சத்து கூடும். உரத்தை அறவே நிறுத்திவிட வேண்டாம். உச்சிக்கு அருகிலுள்ள கணுக்களிலிருந்து கதிர் புறப்பட்டு நீளும்போதும் இதே மெலிந்த அளவு தொடரலாம். மொட்டுகள் நிறம் காட்டத் தொடங்கியபின் அளவைப் பாதியாக்கி, பூ விரிந்தபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளிக்கொள்கிறேன். அடியில் இன்னொரு புதுத் தளிர் வளர்ந்துகொண்டிருந்தால் மட்டும் பழைய அளவே தொடரும். ஒரே பானையில் ஒரு தண்டு பூத்துக்கொண்டும் இன்னொன்று வளர்ந்துகொண்டும் இருப்பது நம் ஊர் வெப்பத்தில் சாதாரணம், அங்கே வளர்கிற தண்டின் பசிக்குத்தான் முன்னுரிமை.

பூத்து முடிந்த தண்டில் இலை உதிர்ந்து அது வெறும் கோலாக நின்றாலும் வெட்டி எறிய வேண்டாம். சுருங்காமல் பச்சையாக இருக்கும்வரை அது களஞ்சியம். அதே தண்டிலிருந்து அடுத்த வருடமும் கதிர் வரலாம். அந்தக் கணுக்களில் பூவுக்குப் பதிலாகக் குட்டிச் செடிகள் வந்துகொண்டே இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்: தழைச்சத்து கூடியிருக்கும், வெளிச்சம் குறைந்திருக்கும், அல்லது அடி வேர் அழுகிச் செடி உயிர்பிழைக்க வழி தேடிக்கொண்டிருக்கும்.

வேர் இல்லாத செடிக்கும், பானை மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத செடிக்கும், இலை துவண்டு சுருங்கிய செடிக்கும் உரம் கிடையாது. காய்ச்சலில் கிடப்பவருக்கு யாரும் பிரியாணி போடுவதில்லை. புதிதாக வாங்கிய செடியின் பானையில் மஞ்சளும் பழுப்புமாகச் சிறு உருண்டைகள் கிடந்தால், அது மெதுவாகக் கரையும் உரம், நாற்றுப்பண்ணையில் போட்டிருப்பார்கள். ஆறு மாதம் வரும் என்று எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கு குளிர்ந்த தட்பவெப்பத்துக்கானது. நம் சித்திரை வெயிலில் அது வெகு வேகமாகக் கரைந்து வெளியேறும். அந்த உருண்டைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு நம் வாரச் சுற்றுக்கு மாறுவதே எனக்குச் சரியாக வருகிறது.

நம் பருவங்களில்

மாசி, பங்குனியில் வெயில் ஏற ஏற புதுத் தளிர்கள் எழும். உரம் தொடங்கும் காலம் இது. அக்னி நட்சத்திர நாட்களில் பகல் 40 டிகிரியைத் தொடும்போது செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொண்டு நீரைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருக்கும். அந்த மூன்று, நான்கு வாரங்களில் அளவைப் பாதியாக்கி, விடிந்தவுடன் மட்டும் கொடுங்கள். ஆனியிலிருந்து புரட்டாசி வரை, அவ்வப்போது பெய்யும் மாலை மழையும் இளகிய வெயிலுமாக, டென்ட்ரோபியம் மிகுந்த வேகத்தோடு வளரும்; முழு அளவும் தவறாத வாரக் கணக்கும் இந்தக் காலத்துக்கு உரியவை.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் கணக்கே வேறு. தொடர்ந்து நனையும் பானையில் ஊற்றும் உரம் அன்றே கழுவிக்கொண்டு போகும்; மேகமூட்டத்தில் செடியாலும் அதைப் பயன்படுத்த முடியாது. மழை இரண்டு, மூன்று நாள் ஓய்ந்து வேர் வெளுத்துக் காய்ந்த காலையில் ஒருமுறை கொடுத்தால் போதும். மார்கழி, தையில் வளர்ச்சி மந்தமாக இருக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. கோவை, நாகர்கோவில் பக்கமும் மலையூர்களிலும் மழைக்காலம் மாறும்; அங்குள்ளவர்கள் மாதப் பெயரை விட்டுவிட்டுத் தளிரையும் வேரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊற்றும் முறை

முதலில் வெறும் நீர் ஊற்றிவிட்டுப் பிறகுதான் உரநீர் ஊற்ற வேண்டும் என்பது பழைய அறிவுரை. வேரின் மேலுறை முதலில் படும் நீரைத்தான் முழுதாகப் பிடித்துக்கொள்கிறது என்றால், வெறும் நீரால் அதை நிரப்பிவிட்டு உரநீரை ஊற்றுவது வீண்தானே என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நான் நடுவழியில் போகிறேன். லிட்டருக்கு அரை கிராமோ அதற்குக் குறைவோ என்றால் நேராகவே உரநீரை ஊற்றுகிறேன். கோடையில் பானை எலும்பாகக் காய்ந்து கிடக்கும் நாளிலும், நீரே உப்பாக இருக்கும் வீட்டிலும், முதலில் நனைத்து அரை மணி நேரம் கழித்து உரம்.

காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பகலுக்குள் இலை இடுக்குகள் காய்ந்துவிட்டால் இரவில் அழுகல் பிடிக்காது. பூவாளியால் பானையின் மேற்பரப்பு முழுவதும் நனையும்படி, அடியிலிருந்து நீர் வழியும்வரை ஊற்றுங்கள். இலைமேல் தெளிப்பதாலும் கொஞ்சம் பயனுண்டு, ஆனால் தடித்த மெழுகுப் பூச்சுள்ள அந்த இலைகளைவிட வேர்களே அதிகம் உறிஞ்சும் என்பதால், தெளிக்கிறவர்கள் பானைக்கு வெளியே தொங்கும் வேர்களை நனைக்க மறக்கக் கூடாது. விரிந்த பூவின் மேல் உரநீர் பட்டால் புள்ளி விழும்.

மாதம் ஒருமுறை, உரச் சுற்று தொடங்குவதற்கு முந்திய நாள், பானையின் கொள்ளளவைப் போல இரண்டு, மூன்று மடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றிக் கழுவிவிடுங்கள். மண்பானையின் விளிம்பிலும் கரித்துண்டுகளின் முகத்திலும் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. தேங்காய் மட்டைத் துண்டுகளில் தொடக்கத்திலேயே உப்பு உண்டு. நடுவதற்கு முன் நான்கைந்து நாள், தினமும் நீரை மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

மற்ற வகைகள்

வாண்டாவுக்குப் பானையும் இல்லை, கரி, மட்டை போன்று நீரைப் பிடித்துவைக்கும் ஊடகமும் இல்லை; கூடையிலிருந்து வேர்கள் காற்றில் தொங்குகின்றன. ஊட்டிய சில நிமிடங்களில் உரநீர் சொட்டிப் போய்விடுவதால் வாரம் இருமுறை, லிட்டருக்கு கால் கிராம் என்று பிரித்துக் கொடுப்பதும், வேர் முழுவதும் பச்சையாக மாறும்வரை தெளிப்பதும் அவசியம்.

ஃபலனாப்ஸிஸ் விஷயத்தில் உரத்தைவிட வெப்பமே பேசுகிறது. பகலிலும் சுமார் 28 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால்தான் அது கதிர் விடும். அதற்கு மேல் எவ்வளவு ஊட்டினாலும் இலைதான் போடும். நம் சமவெளியில் அந்தக் குளிர்ச்சி மார்கழியை ஒட்டிய சில வாரங்களுக்கே அரிதாகக் கிடைக்கிறது. ஆகவே ஆனி முதல் ஐப்பசி வரை நன்றாக ஊட்டி இரண்டு புது இலைகளையாவது வளர்த்துவைத்தால், அந்தக் குறுகிய வாய்ப்பு வரும்போது செடி தயாராக இருக்கும். குளிர் நாட்களிலும் பாதி அளவைத் தொடருங்கள். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் டென்ட்ரோபியம் நோபைல் வகை வைத்திருப்பவர்களுக்கு விதி நேர் எதிர். தண்டு முதிர்ந்தபின் உரத்தை முழுவதுமாக நிறுத்தி, நீரையும் குறைத்து, குளிரில் காயப்போட வேண்டும். அப்போது தழைச்சத்து கொடுத்தால் கணுவெல்லாம் பூவுக்குப் பதில் குட்டிச் செடிகளாகிவிடும்.

சமையலறை உரங்கள்

அரிசி கழுவிய நீர், வாழைப்பழத் தோல் ஊறல், முட்டையோடு, டீத்தூள் என்று கேட்காதவர்கள் இல்லை. ரோஜாத் தொட்டிக்கு அவற்றைத் தாராளமாகப் போடுங்கள். மண்ணும் புழுவும் இல்லாத ஆர்க்கிட் பானையில் அவை மக்கிச் சத்தாக மாறுவதற்கு முன் புளித்து, எறும்பையும் பூஞ்சையையும் அழைத்து வருகின்றன. கடலைப் பிண்ணாக்கு ஊறல் மட்டும் கொஞ்சம் மரியாதைக்கு உரியது, ஏனென்றால் அதில் ஏறத்தாழ 7 விழுக்காடு தழைச்சத்து உண்டு. ஆர்க்கிட் வளர்க்கும் பலர் சாணக் கரைசலையும் அதையும் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். நான்கைந்து நாள் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்கு இருபது பங்கு நீர் கலந்து, மாதம் ஒருமுறை வெளியில் தொங்கும் செடிகளுக்குக் கொடுக்கலாம். வாடை அடங்க இரண்டு நாளாகும். அடுத்த வீட்டுப் பால்கனி எவ்வளவு தூரம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் பூக்கவில்லையென்றால்

உரத்தைக் கூட்டுவதற்கு முன் இலையின் நிறத்தைப் பாருங்கள். கரும்பச்சையாக, மென்மையாக, பார்க்க அழகாக இருக்கும் டென்ட்ரோபியம் இலை வெளிச்சப் பட்டினியின் அடையாளம். மஞ்சள் கலந்த இளம்பச்சையே நமக்கு வேண்டியது. நிழல்வலை 75 விழுக்காடு என்றால் 50 விழுக்காட்டுக்கு மாற்றுங்கள். ஃபலனாப்ஸிஸுக்கு மட்டும் 75 இருக்கட்டும். மாற்றும்போது செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக நகர்த்த வேண்டும்.

இலை நுனிகள் கருகி, வேர் நுனிகள் கறுத்திருந்தால் நடந்திருப்பது எதிர்த்தவறு. செடியை நிழலில் வைத்து, மழைநீரோ டி.டி.எஸ். குறைந்த நீரோ மூன்று நாள் இடைவெளியில் மூன்று முறை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். ஊடகம் மக்கிக் கூழாகியிருந்தால் எடுத்துவிட்டுப் புதுக் கரியும் ஓட்டுத்துண்டும் போடுங்கள். மெத்தென்று ஆகிவிட்ட வேர்களை மட்டும் கத்தரியுங்கள், கெட்டியாக இருப்பது வெளுத்திருந்தாலும் உயிருள்ளதுதான். கறுத்த நுனிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சைப் புள்ளியொன்று முளைக்க மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அது அரை அங்குலம் நீளும்வரை உரப்பையைத் திறக்க வேண்டாம்; திறக்கும்போது லிட்டருக்கு கால் கிராமில் தொடங்குங்கள்.